தீர்ப்பு மீனுடையது

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களான மொன்டானாவிலும் வயோமிங்கிலும் ஐடஹோவிலும், ஆகஸ்டு மாதத்துப் பிற்பகல்களில் புல்வெளிகளின் மேல் காற்று வலுக்கும்போது, ஆற்றங்கரைப் புல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் வெட்டுக்கிளிகள் நிலைதவறி நீரில் விழுவதும், கரையோரத்து நிழலில் ஒதுங்கி நிற்கும் ட்ரவுட் மீன்கள் மேலெழுந்து அவற்றை விழுங்குவதும் ஆண்டு தவறாமல் நிகழ்கின்றன. இதை ஆதாரமாகக் கொண்டு, தூண்டில் முள்ளின்மேல் மான் ரோமத்தையும் பறவை இறகையும் நூலால் கட்டி, வெட்டுக்கிளியின் சாயலில் போலிப் பூச்சி செய்யும் கைவினை அங்கே பல தலைமுறைகளாக வளர்ந்து வந்திருக்கிறது. ரோமமும் இறகும் வகித்த அந்த இடத்தை, செருப்பின் அடிப்பாகத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைக்கும் பயன்படும் ஃபோம் தாள், கடந்த சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டது. இதனால் கலை தாழ்ந்துவிட்டது என்று மனம் வருந்துகிறவர்கள் பலர். அவர்களுடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன்; அவர்களுடைய அபிப்பிராயத்தை மட்டும் ஏற்க இயலவில்லை. ஒரு கைவினையின் மேன்மையை அதில் புழங்கும் பொருளின் பழமையைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. அது எந்தப் பிரயோஜனத்துக்காகப் பிறந்ததோ அதற்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்பதைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்பது என் துணிபு. இந்தக் கைவினையின் பிரயோஜனம் மீனைச் சார்ந்தது. ஆகவே தீர்ப்பும் மீனுடையது.

வெட்டுக்கிளி நீரில் பிறந்த ஜந்து அன்று. முந்தைய ஆண்டின் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் மண்ணுக்குள் இடப்பட்ட முட்டைகள், பனிக்காலம் முழுவதும் புதைந்து கிடந்து, வசந்தத்தின் முடிவில் பொரிகின்றன. இறகில்லாத குஞ்சுகள் பெரும்பாலும் ஐந்து முறை சட்டையுரித்து, ஜூலை மாதம் முடியும் தறுவாயில் சிறகு முற்றிய பூச்சிகளாகின்றன. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் சக்தி அவற்றுக்கு இல்லையாதலால், மலைநாட்டுக் குளிர்ந்த காலைகளில் அவை புல்லின் அடியில் அசைவற்றுக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகே துள்ளவும் பறக்கவும் தொடங்கும். அந்த நேரத்தில்தான் காற்றும் எழும். யெல்லோஸ்டோன் ஆறு பாரடைஸ் பள்ளத்தாக்கின் வைக்கோல் வயல்களின் ஓரமாகப் பாயும் இடங்களில், வயலை அறுக்கும் நாட்களில் உறைவிடம் இழந்த பூச்சிகள் கூட்டமாகக் கரையை நோக்கி ஒதுங்குவதும் உண்டு. நீரிலேயே பிறந்து நீரின்மேலேயே சிறகு விரிக்கும் சிறு பூச்சிகளை நாளெல்லாம் பொறுக்கித் தின்னும் மீனுக்கு, அவற்றில் பலவற்றுக்கு ஈடான தசை ஒரே வாய்க்குள் வந்து சேருமானால், அது ஒதுக்கத்தக்க உணவா?

நிலத்திலிருந்து நீருக்கு வந்து சேரும் இந்த உணவு எவ்வளவு பெரியது என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகளான நகானோவும் முரகாமியும் ஹொக்கைடோத் தீவின் ஹொரொனாய் ஓடையில் ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்: அங்குள்ள மீன்கள் ஓர் ஆண்டில் பெறும் உணவுச் சக்தியில் சுமார் 44 சதவீதம் கரையிலிருந்து விழும் சிறு ஜந்துக்களிடமிருந்து கிடைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கோடையில் மரமும் புல்லும் தழைத்திருக்கும்போது, ஆற்றின் வளம் ஆற்றுக்குள் மாத்திரம் இல்லை, கரையில் இருக்கிறது. இதைப் பிரத்தியட்சமாகக் கண்டவனே வெட்டுக்கிளியைப் போலி செய்யும் யோக்கியதை உடையவன்.

அப்படிக் கண்டவர்களில் முன்னோடியாக, மிச்சிகன் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியைச் சேர்ந்த ஆர்ட் வின்னியைச் சொல்வார்கள். அவர் கட்டிய மிச்சிகன் ஹாப்பர் என்னும் போலி வெட்டுக்கிளி, ஜோ புரூக்ஸ் என்ற எழுத்தாளர் அதைப் பலரும் அறியச் செய்தபடியால், ஜோஸ் ஹாப்பர் என்று அவர் பெயரையே பெற்றுவிட்டது. பென்சில்வேனியாவில் லெட்டார்ட் என்னும் தெளிந்த ஊற்றோடையின் கூர்ந்த பார்வையுள்ள மீன்களுக்காக எட் ஷெங்க் கட்டிய லெட்டார்ட் ஹாப்பர் எளிமையால் பெயர் பெற்றது. கனடாவின் நிப்பிகன் ஆற்றில் 1930களில் டான் கேப்பன் உண்டாக்கிய மட்லர் மின்னோ என்னும் தூண்டிற்போலியின் ரோமத் தலையை வெட்டுக்கிளி உடலோடு இணைத்து, முடிச்சிட்ட கால்களையும் சேர்த்து டேவ் விட்லாக் செய்த டேவ்ஸ் ஹாப்பர் இன்றும் கடைகளில் விற்பனையாகிறது. இவற்றுள் லெட்டார்ட் ஹாப்பரையும் டேவ்ஸ் ஹாப்பரையும் மிதக்கச் செய்தது பெரும்பாலும் மான் ரோமமே. அதன் ஒவ்வோர் இழையினுள்ளும் காற்று அடைபட்ட அறைகள் உண்டு. ஆனால் சில மீன்கள் கவ்விய பிறகு, அவற்றின் வழுவழுப்பும் நீரும் ரோமத்தின் இடைவெளிகளில் ஏறி, பூச்சி கனத்து அமிழத் தொடங்கும். அதைத் துடைத்து, உலர்த்தி, எண்ணெய்ப் பசை தடவி மறுபடியும் வீச வேண்டும்.

யூட்டா மாநிலத்தில், ஃபிளேமிங் கார்ஜ் அணைக்குக் கீழே ஓடும் கிரீன் ஆற்றில் படகு ஓட்டி வழிகாட்டும் தொழில் செய்தவர்கள், கருநிற ஃபோம் துண்டு ஒன்றை முள்ளின்மேல் கட்டி, இரு பக்கமும் ரப்பர் கால்களை நீட்டி விட்டார்கள். செர்னோபில் ஆன்ட் என்று பெயர் பெற்ற அந்த உருவம் எறும்பைப் போலவும் இல்லை, வெட்டுக்கிளியைப் போலவும் இல்லை; ஆயினும் மீன்கள் அதை ஐயுறாமல் எடுத்தன. அதன் வழித்தோன்றல்களாக எத்தனையோ ஃபோம் வெட்டுக்கிளிகள் வந்துவிட்டன; கொலராடோவின் சார்லி கிரேவன் உண்டாக்கிய சார்லி பாய் ஹாப்பர் அவற்றுள் ஒன்று. விவாதமும் இங்கேதான் பிறந்தது.

ஃபோமை ஆட்சேபிப்பவர்கள் மூன்று காரணங்கள் கூறுகிறார்கள்: அது இயற்கைப் பொருள் அன்று, அதை வெட்டி ஒட்டுவதில் சாமர்த்தியம் ஏதுமில்லை, அது மக்காது. முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம். தூண்டிற்கயிற்றின் நுனி ஒரு காலத்தில் பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து நீட்டி இழுத்த நரம்பாக இருந்தது. இன்று அது நைலான். வீசும் கயிறு பட்டாக இருந்தது. இன்று பிளாஸ்டிக் பூசிய கயிறு. கோல் பிளந்த மூங்கிலாக இருந்து, கண்ணாடி நாராகி, இன்று கார்பன் நாராகியிருக்கிறது. பூச்சியைக் கட்டும் நூலே பட்டிலிருந்து நைலானுக்கும் பாலியெஸ்டருக்கும் வந்துவிட்டது. இத்தனை மாற்றங்களையும் ஏற்றுக்கொண்ட ஒரு கைவினை, பூச்சியின் உடல் ஒன்றில் மாத்திரம் பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

சாமர்த்தியம் இல்லை என்ற இரண்டாம் காரணத்தைச் சொல்பவர்கள், நல்ல ஃபோம் வெட்டுக்கிளி ஒன்று உருவாவதை அருகிருந்து பார்த்ததில்லை என்றே கருதுகிறேன். பத்தாம் எண் நீள்தண்டு முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் பிடிக்கச் செய்து, தண்டின் நீளம் முழுவதும் நூலை நெருக்கமாகச் சுற்றிப் படுக்கை அமைப்பது முதல் வேலை. வழுக்கும் வெற்று உலோகத்தின்மேல் ஃபோம் நிலைத்து நிற்காது. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தாளிலிருந்து, முள்ளின் வாய் அகலத்துக்கு மிகாத பட்டையை நறுக்கி, படுக்கையில் ஒரு துளி பசை வைத்து அதன்மேல் இருத்த வேண்டும். பிறகு நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி, விரலால் பட்டையை நிமிர்த்திப் பிடித்தபடி, மெல்ல மெல்ல இறுக்கவேண்டும். ஒரே இழுப்பில் இறுக்கினால் நூல் கத்தியைப் போல ஃபோமை அறுத்துவிடும், இறுக்கம் போதாவிட்டால் முதல் மீன் கடித்தவுடன் உடல் தண்டைச் சுற்றிப் புரண்டுவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை எந்தப் புத்தகமும் கற்பிக்க இயலாது, விரல்தான் அறியும். இப்படிச் சமமான இடைவெளிகளில் பதிந்த நூற்சுற்றுகள், வெட்டுக்கிளியின் வயிற்றில் காணும் வளையங்களாகத் தாமே அமைந்துவிடுகின்றன.

கால்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. வெட்டுக்கிளியின் பின்னங்கால், தொடை பருத்து, முழங்காலில் கூர்மையாக மடங்கியிருக்கும். ரப்பர் இழையில் ஒரு முடிச்சிட்டால் அந்த மடக்கு வந்துவிடும், ஆனால் முடிச்சு விழும் இடம் சிறிது தவறினாலும் கால் வெளிப்பக்கமாகத் திரும்பாமல் உடலோடு ஒட்டிக்கொள்ளும். இரு கால்களும் ஒரே உயரத்தில், உடலுக்குச் சற்றுக் கீழாகத் தாழ்ந்து, முனைகள் நீரைத் தொடுமாறு அமைந்தாலன்றி, வீசும்போது பூச்சி காற்றில் சுழன்று தூண்டிற்கயிற்றை முறுக்கிவிடும். மேற்புறத்தில் மானின் ரோமத்தைச் சிறகாக வைத்து, அதற்கும் மேலே செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ கொண்ட சிறு ஃபோம் துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். அது தூரத்து அலைகளுக்கிடையே மனிதனின் கண்ணுக்கு அடையாளம் காட்டுவதற்காகவே வைப்பது. ஃபோம் மிகுந்து முள்ளின் வாயை அடைத்துவிட்டால், மீன் கவ்வினாலும் முள் பதியாது. ஆதலால் எங்கே நிறுத்துவது என்று அறிவதே இந்த வேலையின் உயர்ந்த சாமர்த்தியம்.

இந்தச் சாமர்த்தியத்தைச் சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. கட்டி முடித்த பூச்சியைக் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் மிதக்கவிட்டு, கீழிருந்து பார்க்க வேண்டும். நீருக்குள் இருக்கும் கண்ணுக்கு மேலுலகம், ஒளி வளையும் விதி காரணமாக, ஏறத்தாழ 97 டிகிரி கோணமுள்ள ஒரு கூம்பின் வழியாகவே தெரிகிறது. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்தக் கூம்பு நீர்ப்பரப்பில் வரையும் வட்டத்தின் குறுக்களவு சுமார் இரண்டேகால் அடிதான். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் ஆற்றின் அடித்தளத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாகிவிடுகிறது. மிதந்துவரும் பூச்சி அந்தக் கண்ணாடிப் பகுதியில் இருக்கும்வரை, அதன் சிறகும் முதுகும் நிறமும் மீனுக்குத் தெரியமாட்டா. நீர்ப்பரப்பை அழுத்திக் குழிக்கும் வயிறும், பரப்பைத் துளைத்துக் கீழே தொங்கும் கால்களும் மாத்திரமே ஒளிப்புள்ளிகளாகவும் நிழற்கீற்றுகளாகவும் தெரியும். மீனின் முதல் ஆவல் அங்கே பிறக்கிறது.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் ஃபோமின் நியாயம் விளங்கும். அதனுள் காற்று, ஒன்றோடொன்று கலவாத நுண்ணிய அறைகளில் அடைபட்டிருப்பதால் அது நீரை உறிஞ்சாது. ஆகவே கடைசி வீச்சிலும் முதல் வீச்சில் மிதந்த அதே மட்டத்தில், வயிறு தாழ்ந்து, கால்கள் அசைந்து மிதக்கும். நீரில் விழுந்த உண்மையான வெட்டுக்கிளியும் உயர்ந்து நிற்பதில்லை. வயிறு நனைந்து, உதைத்துக்கொண்டு, தாழ்வாகவே மிதந்துவரும். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போது ரோம வெட்டுக்கிளி அழகாகவும் ஃபோம் வெட்டுக்கிளி கரடுமுரடாகவும் தோன்றுவது உண்மைதான். ஆனால் அது மேலிருந்து பார்க்கும் மனிதனின் ரசனை. கீழிருந்து பார்க்கும் பிராணியின் பார்வைக்கு அதில் சம்பந்தமில்லை. அலங்காரத்துக்காகக் கட்டுகிறவர் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம், அதுவும் ஒரு கலையே. மீனுக்காகக் கட்டுகிறேன் என்று சொல்பவர் மீனின் கண்ணை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

மூன்றாம் ஆட்சேபம் மறுக்கத்தக்கதன்று. ஃபோம் மக்காது, மரக்கிளையில் சிக்கி அறுந்துபோன பூச்சியும், ஆற்றங்கரையில் உட்கார்ந்து நறுக்கிய துணுக்கும், நம் காலத்துக்குப் பிறகும் அங்கேயே கிடக்கும். நீடித்து உழைக்கும் பூச்சி என்பதால் எண்ணிக்கையில் குறைவாகக் கட்டினால் போதும் என்பது ஓரளவு சமாதானம்தான். முழுப் பரிகாரம் ஆகாது. துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வீட்டுக்கு எடுத்துவருவதும், சிக்கிய பூச்சியை எட்டும் இடத்திலிருந்து மீட்டுவருவதும், மீன் பிடிப்பதைப் போலவே இந்தப் பொழுதுபோக்கின் பாகம் என்று கொள்ளவேண்டும். ஃபோமை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கடமையை மற்றவர்களைக் காட்டிலும் கண்டிப்பாக அனுசரிக்க வேண்டியவர்கள்.

இதைவிடப் பெரிய கடமை ஒன்று இருக்கிறது. ஃபோமா ரோமமா என்று வாதிடுகிறவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெட்டுக்கிளிகள் மிகுதியாக விழும் நேரமும், ட்ரவுட் மீன்கள் மிகுதியாகத் துன்பப்படும் நேரமும் ஒன்றே. ட்ரவுட் குளிர்நீர் மீன்; நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் உடல் தவிக்கத் தொடங்குகிறது. பத்து டிகிரி வெப்பமுள்ள நன்னீர், கடல் மட்டத்தில், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கக்கூடும்; 20 டிகிரியில் அது சுமார் 9 மில்லிகிராமாகக் குறைகிறது; மலைநாட்டின் உயரத்தில் இன்னும் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனுக்கு அதிகப் பிராணவாயு தேவைப்படுகிறது, நீரிலோ அது குறைந்துகொண்டு போகிறது. அந்த நிலையில் தூண்டிலில் நெடுநேரம் போராடிய மீனை விட்டுவிட்டாலும், அது நீந்தி மறைந்த பிறகு நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாண்டுபோகக்கூடும். பிடித்து விட்டுவிடுவதாகிய தர்மம், வெப்பமான நீரில் தர்மமாக எஞ்சுவதில்லை.

மொன்டானா மாநிலத்தின் மீன், வனவிலங்கு, பூங்காத் துறை இதற்காக ஒரு விதி வைத்திருக்கிறது. ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றுப் பகுதியில் தூண்டில் போடுவதைத் தடை செய்யலாம். வெட்டுக்கிளிப் போலியை வீசுவதற்கு உகந்த நேரத்தையே இந்த விதி பறித்துக்கொள்கிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் விதியின் பக்கம். விதி வருமுன்பே, 20 டிகிரியிலேயே, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கரையேறுவது நல்லது என்றும் சொல்வேன். ஏனெனில் 23 டிகிரி என்பது அரசாங்கம் தலையிடும் எல்லை, மீனின் வேதனை அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. முற்பகலில், வெயில் ஏறி முதல் பூச்சிகள் துள்ளத் தொடங்கும் வேளையிலும், செப்டம்பரில் இரவுகள் குளிர்ந்த பிறகும், வெட்டுக்கிளி விழத்தான் செய்கிறது. பொறுமை உள்ளவனுக்குப் பருவம் குறைந்துவிடாது.

முள்ளின் நுனிக்குச் சற்றுப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கீற்றைக் குறட்டால் நசுக்கிவிடுவதும் இதே கடமையைச் சேர்ந்தது. கீற்றில்லாத முள், மீனை நீருக்கு வெளியே தூக்காமலே, விரலால் ஒரு முறை திருப்பியதும் கழன்றுவிடும். இதை வைஸில் முள்ளைப் பொருத்தும் முதல் நிமிஷத்திலேயே செய்துவிட வேண்டும். ஃபோமைக் கட்டி முடித்த பிறகு நசுக்கப் போனால், முள் ஒடிந்து மொத்த உழைப்பும் வீணாகக் கூடும்.

இவ்வளவு தொலைவில் உள்ள ஒரு விவகாரம் தமிழ் வாசகர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசுக்காகப் பணியாற்றிய ஹெச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் ட்ரவுட் நீலகிரியின் ஓடைகளில் குடியேற்றப்பட்டதும், அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் அமைந்ததும், நம் நாட்டுச் சரித்திரத்தின் ஒரு பகுதி. அந்த மீன் இந்த மலைக்கு உரியதன்று. சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே ஓடும் நீரில் அதற்கு முன்பே வாழ்ந்துவந்த சிற்றுயிர்களின் நலனையும் எண்ணவேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. மொன்டானாவிலும் இதே பிரச்சினை இருக்கிறது. அங்கே கட்த்ரோட் என்னும் ட்ரவுட் இனம் பூர்வீகக் குடி, பழுப்பு ட்ரவுட்டோ ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. எந்த மலையில் நின்று தூண்டில் வீசினாலும், நீரின் வெப்பத்தையும் கரையின் புல்லையும் அறிந்துகொள்ளாமல் வீசுவது அறியாமையே.

ஆகவே இந்தக் கைவினையைக் கற்பிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. முதல் பாடத்தில் மாணவனின் மேஜைமேல் முள்ளையும் நூலையும் ஃபோமையும் வைக்கும்போது, அவற்றோடு நீரின் வெப்பத்தை அளக்கும் ஒரு வெப்பமானியையும் வையுங்கள். பூச்சியைக் கீழிருந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கிற அதே நாளில், எப்போது அதை வீசக்கூடாது என்பதையும் கற்றுக்கொடுங்கள். மீனின் கண்ணால் பூச்சியைப் பார்க்கத் தெரிந்தவன், மீனின் மூச்சையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவன். முன்னதைக் கற்றுப் பின்னதை விட்டவன் பாதிக் கைவினைஞனே. ஒருவன் கட்டியது ரோமமா ஃபோமா என்று விசாரிப்பதற்கு முன்னால், கீற்றை நசுக்கினானா, ஆற்றின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு இறங்கினானா என்று விசாரிக்கும் வழக்கம் நமக்குள் வேரூன்றுமானால், பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் இடையிலான இந்தச் சண்டைக்கு அவசியமே இராது.